தெரியாமல் இட்ட கையொப்பம்

ஒருவன் தன் பொருளைத் தானே மனமொப்பிக் கொடுத்துவிட்ட பின்னர், அதைக் குறித்து முறையிட அவனுக்கு உரிமை உண்டா? கொடுத்தது கொடுத்ததே என்பது உலக வழக்கு. நீதிமன்றங்களும் பெரும்பாலும் அவ்வழக்கையே பின்பற்றுகின்றன. ஆனால் கொடுத்தவன், தான் கொடுப்பது இன்னதென்று அறியாதிருந்தால் என் செய்வது? அவன் முன் வைக்கப்பட்ட பத்திரம் அவன் அறியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால் என் செய்வது? அம்மொழியை அறிந்த ஒருவன் அருகில் நின்றும் உள்ளதை உள்ளவாறு உரைக்காதிருந்தால், அவனை என்னென்பது? இவ்வினாக்களை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கடைசி வினாவுக்கு விடையிறுக்க வேண்டியவர்களுள் நானும் ஒருவன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பொருள் என்று இங்கே குறிப்பது நிலத்தையோ நகையையோ அன்று. பாட்டையும் கதையையும் நாடகத்தையுமே. இவற்றை விற்பதற்கும் பிறவற்றை விற்பதற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பசுவை விற்றவன் வீட்டில் தொழுவம் வெறுமையாகும். நிலத்தை விற்றவன் மறுநாள் அவ்வரப்பில் கால் வைக்கக் கூசுவான். பாட்டை விற்றவன் வாயிலோ, பாட்டு முன்போலவே இருந்துகொண்டிருக்கும். தான் ஒன்றை இழந்ததாகவே அவனுக்குத் தோன்றுவதில்லை. இழந்தது தோன்றாமலே இழக்கும் பொருள் இஃது ஒன்றே எனலாம். ஆதலினால்தான், கலைஞர்களுக்கு உடன்படிக்கை எழுதிக் கொடுக்கவும் வாசித்துக் காட்டவும் தனிப்பயிற்சி பெற்ற வக்கீல்கள் பெருநகரங்களில் தோன்றினர். இசைத்தட்டும் திரைப்படமும் பெருகப் பெருக அவர்கள் தொழிலும் பெருகிற்று. அத்தொழிலின் தேவையை ஒரு வரலாற்றைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் ஸாலமன் லிண்டா என்றொரு பாடகர் இருந்தார். 1909-ஆம் ஆண்டு ஸுலு நாட்டின் ஒரு கிராமத்தில் பிறந்தவர், பிழைப்பைத் தேடி ஜோஹன்னஸ்பர்க் நகரம் சேர்ந்தவர், எழுத்தறிவு இல்லாதவர். காலோ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தில் கட்டுக்கட்டும் கூலி வேலை பார்த்துக்கொண்டே, நண்பர் சிலருடன் குழுவாகப் பாடிவந்தார். 1939-இல் அந்நிறுவனத்தின் பதிவு நிலையத்தில், ‘ம்பூபே’, அதாவது சிங்கம், என்ற தமது பாட்டைப் பாடினார். அத்தட்டு ஆப்பிரிக்க மக்களிடையே பெரிதும் விற்பனையாயிற்று. பாட்டின் உரிமைக்காக அவர் பெற்றது பத்து ஷில்லிங் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர்.

பின்னர் அத்தட்டு அமெரிக்கா சென்றது. பீட் ஸீகர் என்னும் பாடகர் அதைக் கேட்டு மகிழ்ந்து, தம் குழுவினருடன் 1950-களின் தொடக்கத்தில் பாடிப் புகழ் பெற்றார். அது யாரோ முன்னோர் பாடிய நாட்டுப்பாடல் என்றே அங்குப் பலரும் எண்ணினர். 1961-இல் டோக்கன்ஸ் என்ற குழுவினர் அம்மெட்டுக்குப் புதிய ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் பாட, அஃது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. 1994-இல் டிஸ்னி நிறுவனத்தாரின் ‘லயன் கிங்’ படத்தின் வழியாக உலகத்துக் குழந்தைகள் அனைவருடைய காதிலும் அது விழுந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அதைப் பாடக் கேட்டிருக்கிறேன்.

லிண்டாவோ 1962-இல் வறியவராகவே இறந்தார். கல்லறைக்கு ஒரு கல் நாட்டவும் அவர் குடும்பத்தாரிடம் அப்போது பொருளில்லை. பீட் ஸீகர் ஒருமுறை 1,000 டாலர் அனுப்பினார் என்பர். அஃது அவருடைய நற்குணத்தைக் காட்டும். ஆயினும் உரிமையாக வரவேண்டியது ஒரு பெருந்தகையின் இரக்கத்தால் ஒருமுறை வந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். உழைத்தவனுக்குக் கூலியைக் கொடாமல் தீபாவளிக்கு வேட்டி கொடுப்பது போன்றதன்றோ இது?

2000-ஆம் ஆண்டில் ரியான் மலான் என்ற எழுத்தாளர் இவ்வரலாற்றை ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் விரிவாக எழுதினார். அதன் பின்னரே சட்டத்தின் துணை அக்குடும்பத்துக்குக் கிட்டியது. ஓவன் டீன் என்னும் பதிப்புரிமை வக்கீல், பழைய சட்டப் புத்தகத்தின் ஒரு மூலையில் கிடந்த பிரிவொன்றைத் தூசி தட்டி எடுத்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதற்கும் 1911-இல் இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் அது. ஆசிரியன் தன் வாழ்நாளில் உரிமையை எவருக்கு எழுதிக் கொடுத்திருப்பினும், அவன் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தபின் அவ்வுரிமை அவன் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும் என்று அதில் விதிக்கப்பட்டிருந்தது. அதன்படி லிண்டாவின் பாட்டு 1987-லேயே அவர் குடும்பத்தைச் சேர்ந்துவிட்டது என்று வக்கீல் வாதித்தார். 2004-இல் வழக்குத் தொடுத்து, தென்னாப்பிரிக்காவில் டிஸ்னி நிறுவனத்துக்கு இருந்த வணிகக் குறிகளை ஜப்தி செய்ய நீதிமன்ற உத்தரவும் பெற்றார். கூலியாளின் மகள்களுக்காக உலகப் பெருநிறுவனம் ஒன்று நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது. 2006-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பாட்டின் ஆசிரியருள் ஒருவராக லிண்டாவின் பெயர் ஏற்கப்பட்டது. 1987 முதற்கொண்டு பங்குத்தொகையும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

அச்சட்டப் பிரிவின் உட்பொருளைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததை மீட்டுத் தரும் சட்டம் வேறெங்கேனும் எளிதில் உண்டா? ஆசிரியன் தன் படைப்பின் மதிப்பை அறியாமல், வறுமையின் நெருக்கடியில், அற்ப விலைக்கு விற்றுவிடுவான் என்பதை அச்சட்டம் செய்தோர் அறிந்திருந்தனர். ஆகவே அவன் பிள்ளைகளுக்கு மற்றொரு வாய்ப்பு வைத்தனர். பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் அதே சட்டமே அந்நாளில் வழங்கியது. சிங்கப்பூரில் 1987 வரையிலும் வழங்கியது. ஆனால் இங்கிலாந்திலேயே 1956-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய உடன்படிக்கைகளுக்கு அப்பிரிவை ஒழித்துவிட்டது. மலேசியாவில் இப்போதுள்ள 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அத்தகைய மீட்பு இல்லை. இன்று கையொப்பமிடுகிறவனுக்கு அந்த நிழல் கிடையாது என்றே கொள்க.

வழக்கு முடிந்ததும் துன்பமும் முடிந்தது என்று எண்ணவேண்டா. 2019-இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில், வந்த பணம் எவ்வளவு, அது எவ்வழியே சென்றது என்று லிண்டாவின் மகள்கள் வினவினர். தங்களுக்குத் தெளிவாகக் கணக்குச் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் குறை. தந்தை விளங்காத பத்திரத்தில் உரிமையை இழந்தார். மகள்களோ விளங்காத கணக்கோடு அதைத் திரும்பப் பெற்றனர். ஆகவே சட்ட உதவி என்பது வெற்றியை வாங்கித் தருவது மாத்திரமன்று. விளங்கச் சொல்வதும் அதன் பகுதியே. ஒருகால் அதுவே அதன் பெரும்பகுதி.

எங்கோ ஆப்பிரிக்காவில் நடந்ததைக் குறித்து நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக என் மேசையின் முன்னே நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் ஓர் ஆயா இருக்கிறார். இளமையில் பால்மரம் சீவி, பின்னர் செம்பனையில் களையெடுத்து ஓய்ந்தவர். தாலாட்டும் ஒப்பாரியும் மாத்திரமன்றி, விடியற்காலைப் பிரட்டையும், மழை நாளில் வேலையின்றி லயத்து வாசலில் குந்தியிருப்பதையும் தாமே பாட்டாகக் கட்டிப் பாடுவார். ஏழு ஆண்டுகளுக்கு முன் பட்டணத்திலிருந்து சிலர் பதிவுக் கருவிகளுடன் வந்தனர். மரியாதையாகவே பேசினர். ஆயாவின் பாட்டுகளைப் பதிவு செய்யப் போவதாகச் சொல்லி, மூன்று பக்க ஆங்கிலப் பத்திரம் ஒன்றை நீட்டினர்.

ஆயா அதை என்னிடம் கொண்டுவந்தார். “கிராணி ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்றார். சம்பளக் கணக்கு முடிக்க வேண்டிய நாள் அது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்ற பெருமையோடு பக்கங்களைப் புரட்டினேன். ஆங்கிலம் எனக்குத் தெரியும். அந்த ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை. ‘எக்காலத்துக்கும்’ ‘உலகெங்கும்’ என்ற சொற்கள் மாத்திரம் கண்ணில் உறுத்தின. ஆயினும், ‘எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்ல நாணினேன். “ஒன்றுமில்லை ஆயா. பாட்டைப் பதிவு செய்ய உங்கள் சம்மதம் கேட்கிறார்கள். போடுங்கள்” என்றேன். அவர் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, தம் பெயரை எழுதினார். இருநூறு வெள்ளி கொடுத்தார்கள். அதில் எனக்கும் ஒரு பொட்டலம் மிட்டாய் வாங்கிவந்து கொடுத்தார்.

சென்ற ஆண்டு அவர் பேத்தி ஒரு கலைநிகழ்ச்சியில் அப்பாட்டுகளில் ஒன்றைப் பாடினாள். நிகழ்ச்சி படமாக்கப்பட்டுப் பலராலும் பார்க்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதையும் என்னிடமே கொண்டுவந்தார்கள். அப்பாட்டின் முழு உரிமையும் எங்களுடையது. எங்கள் அனுமதியின்றி அதைப் பாடிப் பரப்பியது குற்றம். உடனே நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். வாசித்துச் சொன்னேன். ஆயா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நான் கட்டின பாட்டுக்கு நான் யாரிடம் உத்தரவு கேட்பது? அன்றைக்கு நீங்கள் படித்துத்தானே ஐயா சொன்னீர்கள்?” என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் என் மனம் ஓரளவு ஆறியிருக்கும். கோபம் இல்லை, விளக்கம் கேட்கும் குரலே இருந்தது.

அதன் பின்னர், பட்டணத்தில் இத்துறை அறிந்த ஒரு வக்கீலிடம் பத்திரத்தை எடுத்துச் சென்றேன். அவர் எனக்குக் கற்பித்தது இது. எழுதப்படாமலும் பதியப்படாமலும் வாயில் மாத்திரம் இருக்கும் பாட்டுக்கு மலேசியச் சட்டம் பதிப்புரிமை தருவதில்லை. எழுத்திலோ ஒலிப்பதிவிலோ அது வடிவம் பெறும்போதுதான் உரிமை பிறக்கிறது. ஆயாவின் பாட்டுக்கு உரிமை பிறந்த அன்றே, பிறந்த பிள்ளையைத் தத்துக் கொடுத்தாற்போல, அது கைமாறிவிட்டது. தத்துப் பத்திரத்தை வாசித்துக் காட்டியவன் நான். வக்கீல் கடிதம் எழுதினார். பலமுறை எழுதியபின், ஆயாவின் பெயரைப் பாட்டோடு குறிக்கவும், குடும்பத்தார் பாடுவதைத் தடுக்காதிருக்கவும் அவர்கள் இசைந்தனர். பணம் ஒன்றும் வரவில்லை. “கையொப்பத்துக்கு முன் வந்திருந்தால் அரைமணி நேர வேலை” என்றார் வக்கீல்.

இனி, மறுப்போர் கூற்றுகளை நோக்குவோம்.

கையொப்பத்துக்கு மதிப்பில்லையானால் வணிகமே நடவாது. முதல் போட்டவன் நஷ்டத்துக்கும் துணிந்தே போடுகிறான். பாட்டு விலை போனபின் பங்கு கேட்பது நியாயமா என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. ஆனால் அறியாமை இருவகைப்படும். ஒரு பாட்டு நாளைக்கு எவ்வளவு புகழ் பெறும் என்பதை விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான். அது இருவருக்கும் பொதுவான அறியாமை. அதனால் வரும் லாபமும் நஷ்டமும் காலத்தின் செயல். அதைக் குறித்து முறையிடுவது முறையன்று. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோ, ஒருவன் மாத்திரம் அறிந்து மற்றவன் அறியாத செய்தி. அதனால் வரும் லாபம் காலத்தின் செயலன்று. ஒருவன் கண்ணைக் கட்டிவிட்டு ஓடிய பந்தயத்தின் பரிசு அது. கையொப்பத்தின் மதிப்பைக் காக்க விரும்புவோரே, அது விளங்கி இட்டதாக இருக்கவேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள்.

பாட்டு எவருக்கும் சொந்தமன்று. அது ஜனங்களின் பொதுச்சொத்து என்பர் வேறு சிலர். உயர்ந்த எண்ணமே. தமிழர்க்கு இதற்கோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1921-இல் மறைந்த பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒரு வணிகரிடம் சென்று, அவரிடமிருந்து 1946-இல் படமுதலாளி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. மக்களும் எழுத்தாளரும் கிளர்ச்சி செய்ய, செட்டியார் விலை பெறாமலே அதை விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை அரசாங்கம் பாரதியாரின் படைப்புரிமையை ஏற்று, கவிஞரின் குடும்பத்தார்க்கும் தொகை வழங்கியது. சில ஆண்டுகளில் அப்படைப்புகள் பொதுவுடைமையாயின. பொதுவாக்குதல் என்றால் இதுவே பொதுவாக்குதல். படைத்தவனிடமிருந்து ‘பொது’ என்று சொல்லி எடுத்து, எடுத்தபின் ‘எனது’ என்று வேலி போடுவது பொதுவுடைமை ஆகுமா? ம்பூபே நாட்டுப்பாடல் என்றால் அதற்கு எவரும் உரிமைப்பணம் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினார்கள் என்றால், பாடியவனுக்கன்றோ அதில் முதற்பங்கு?

மூன்றாவதாக, கல்லாதது அவன் குற்றம் என்பர். கல்வி வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் என் வரலாறு அவ்வாதத்தை மறுக்கிறது. நான் கற்றவன், எனக்கும் விளங்கவில்லை. சட்டப் பத்திரம் ஒரு தனிமொழி. அதை ஒரு பக்கத்தில் வக்கீல் எழுதுகிறார். மறுபக்கத்தில் அதை வாசிக்க ஒரு கிராணிதான் இருக்கிறான் என்றால் அஃது எங்ஙனம் சமமான உடன்படிக்கை ஆகும்? கல்லாதவன் தனக்குத் தெரியாது என்பதையாவது அறிந்திருந்தான். அரைகுறையாகக் கற்ற நானோ அதையும் அறிவிக்க மறுத்தேன். இவ்விருவருள் குற்றம் யாருடையது?

ஆகவே, படைப்போரும் அவர்க்குத் துணை நிற்போரும் கையொப்பத்துக்கு முன் கேட்கவேண்டிய சில வினாக்களை, வக்கீலிடம் நான் கற்றவாறு கூறுகிறேன். கொடுப்பது அனுமதியா, உரிமையா? பால்மரத்தைச் சீவ உத்தரவு கொடுப்பது வேறு. மரத்தையே எழுதிக் கொடுப்பது வேறு. எத்தனை ஆண்டுகளுக்கு? தட்டுக்கு மாத்திரமா, படத்துக்கும் விளம்பரத்துக்குமா? பெயர் குறிக்கப்படுமா? விற்பனையில் பங்கு உண்டா. கணக்கை யார், எப்போது காட்டுவார்? அவர்கள் பாட்டைப் பயன்படுத்தாமல் பூட்டி வைத்தால் அது திரும்பி வருமா? பத்திரத்தின் படி ஒன்று கொடுப்பவர் கையிலும் இருக்குமா? எழுத்தில் இல்லாமல் பதிப்புரிமை கைமாறுவது மலேசியச் சட்டப்படி செல்லாது. ஆதலின், அவசரப்படுத்துகிறவரிடம் நாளைக்கு என்று சொல்வதால் பாட்டு எங்கும் ஓடிப்போகாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வியே. நியூயார்க் நகரில் 1969-இல் வக்கீல்கள் சிலர் கூடி, வறிய கலைஞர்களுக்கு இனாமாக ஆலோசனை கூறவென்றே ஒரு சங்கம் அமைத்தனர். அதைப் பின்பற்றிப் பல ஊர்களில் அத்தகைய சங்கங்கள் தோன்றின. நம் இனத்தில் வக்கீல்களுக்குக் குறைவில்லை. சங்கங்களுக்கோ அறவே குறைவில்லை. ஆண்டு விழாவுக்கு மாலையும் மேளமும் ஏற்பாடு செய்யும் சங்கங்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வக்கீலை அழைத்துவந்து, பாடுவோர், எழுதுவோர், நாடகம் போடுவோர் கொண்டுவரும் பத்திரங்களைத் தமிழில் விளக்கச் செய்தால் என்ன? மாலை மறுநாள் வாடும். இவ்வுதவி பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.

அதுவரையிலும், ஆங்கிலம் அறிந்த ஆசிரியர்களும் கிராணிமாரும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதற்குப் பணமும் வேண்டா, சட்டப் படிப்பும் வேண்டா. பத்திரத்தோடு ஒருவர் வந்து நிற்கும்போது, விளங்கியதை முழுவதும் சொல்வது. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்வது. இப்போது என் மேசைக்கு அத்தகைய தாள் வரும்போதெல்லாம், “இது எனக்கு விளங்கவில்லை; விளங்குகிறவரிடம் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள்” என்று சொல்லிவருகிறேன். சொல்லும்போது சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயா இன்னும் அதே வழியாகத்தான் கடைக்குப் போகிறார். என்னைக் கண்டால் முன்போலவே கைகூப்புகிறார். அக்கும்பிடு எனக்கு உரியதாவதற்கு நான் இன்னும் எத்தனை தாள்களை நேர்மையாக வாசிக்க வேண்டுமோ அறியேன்.